எலும்பு வலியோடு ஒரு மாணவர்: இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையின் முதல் வாரங்கள்

கால் வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளை நாம் வாரத்துக்கு இரண்டு பேரையாவது பார்க்கிறோம். சைக்கிள் மிதித்தது, விளையாட்டுப் பாடவேளையில் ஓடியது, அறுவடை நேரத்தில் வயலில் நடந்தது என்று காரணமும் எளிதில் கிடைத்துவிடும். பெரும்பாலும் அந்தக் காரணமே சரியாகவும் இருக்கும். மிக அரிதாக ஒரு பிள்ளைக்கு அந்த வலி எலும்பின் உள்ளிருந்து வருகிறது. திருவாரூர் மாவட்டத்தின் ஓர் ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் அப்படி ஒரு மாணவர் எங்களிடம் படித்தார். நோய் கண்டறியப்பட்டபோது ஏழாம் வகுப்பு. அவருடைய சிகிச்சைக் காலத்தில் பெற்றோரிடமும் மருத்துவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை, ஆசிரியர் என்ற நிலையில் நமக்குப் பயன்படும் அளவுக்கு இங்கே எழுதுகிறேன். மருத்துவ ஆலோசனைக்கு மருத்துவர்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். அதிலும் கடுமையான லிம்போபிளாஸ்டிக் வகையே மிகுதி. இரண்டு முதல் ஐந்து வயதில் அதிகம் வரும் என்றாலும் எந்த வயதிலும் வரலாம். எனவே அங்கன்வாடி முதல் மேல்நிலை வகுப்பு வரை யார் வகுப்பிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும்.

எலும்பு ஏன் வலிக்கிறது? எட்டாம் வகுப்பு அறிவியல் அளவிலேயே இதைப் புரிந்துகொள்ளலாம். இரத்த அணுக்கள் உருவாகும் இடம் எலும்பு மஜ்ஜை. பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு போன்ற சில எலும்புகளில்தான் இந்த உற்பத்தி முனைப்பாக நடக்கிறது. சிறு பிள்ளைகளுக்குக் கை கால்களின் நீண்ட எலும்புகளிலும் நடக்கிறது. முதிராத வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும்போது மஜ்ஜைக்குள் இடம் போதாமல் அழுத்தம் கூடுகிறது. எலும்பு விரிந்து கொடுக்காது. அதை மூடியிருக்கும் மெல்லிய உறையில் நரம்பு முனைகள் நிறைய உண்டு. அழுத்தம் அந்த உறையை எட்டும்போது வலி பிறக்கிறது. வெளியே வீக்கமோ காயமோ தெரியாது. எங்கள் மாணவர் சொன்ன சொற்கள் நினைவில் இருக்கின்றன: "சார், முட்டிக்குக் கீழ உள்ளுக்குள்ள உலக்கையால இடிக்கிற மாதிரி இருக்கு." வெளியே ஒன்றும் தெரியாததால்தான் இந்த வலியைப் பள்ளிக்கு வராமல் இருக்கச் சொல்லும் சாக்கு என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. நோய் கண்டறியப்படும் நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு எலும்பு வலியோ நொண்டி நடப்பதோ இருக்கிறது.

வளர்ச்சி வலி என்று நாம் சொல்வது வேறு. அது மாலையிலோ இரவிலோ இரண்டு கால்களிலும், தொடை கெண்டைக்கால் தசைகளில் வரும். அம்மா பிடித்துவிட்டால் அடங்கும். காலையில் பிள்ளை வழக்கம்போல ஓடி ஆடும். அப்படியின்றி, ஒரே இடத்தில் நாள்கணக்கில் வலி நீடித்தாலோ, பகலிலும் வலித்தாலோ, நொண்டினாலோ, தூக்கத்தில் அழுது எழுந்தாலோ கவனிக்க வேண்டும். அதோடு விட்டு விட்டு வரும் காய்ச்சல், முகம் வெளுத்தல், அடிபடாத இடத்தில் கன்றிய தடம், ஈறில் இரத்தம், கழுத்தில் நெறி கட்டுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தாலும் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்ல வேண்டியது நம் கடமை. பள்ளிக்கு வரும் சிறார் நலத்திட்ட நடமாடும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பிள்ளையைத் தனியே காட்டுவது எளிய வழி. குழு வரும் தேதி தள்ளி இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

நம் பகுதியில் கால் வலி என்றதும் சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப் போவது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. சாதாரணச் சுளுக்குக்கு அது போகட்டும். இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும் பிள்ளையின் காலை அழுத்தி உருவினால் தோலுக்கு அடியில் இரத்தம் கட்டும். இன்னொரு ஆபத்து, வலி நிற்கட்டும் என்று நோய் தெரியாமல் போடப்படும் ஸ்டீராய்டு மருந்து. இந்த நோயின் அணுக்களை ஸ்டீராய்டு தற்காலிகமாக அடக்கும் என்பதால் வலி மறைந்துவிடும். நோய் உள்ளே இருக்கும், கண்டுபிடிப்பது தாமதமாகும். மூட்டுவாதம் என்று நினைத்துச் சில வாரங்கள் கழிந்துபோன குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் வருத்தத்தோடு சொல்வார்கள்.

நோய் உறுதியானதும் பிள்ளை சென்னைக்கோ வேறு பெரிய மையத்துக்கோ போகிறது. திருவாரூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். முதல் கட்டச் சிகிச்சை நான்கைந்து வாரங்கள். அந்தக் காலத்தில் அம்மாவோ அப்பாவோ வேலையை விட்டுவிட்டு உடன் இருக்க வேண்டும். நடவு, அறுப்பு நாள்களில் கூலி வேலையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இதன் பொருள் என்னவென்று நமக்குத் தெரியும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்குகிறது. ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அங்கே தங்குவதும் சாப்பிடுவதும், வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும்தான் குடும்பத்தை உடைக்கும். வலி குறைந்து பிள்ளை நடக்கத் தொடங்கியதும், "குணமாயிடுச்சு, ஊருக்குப் போயிடலாம்" என்று பாதியில் திரும்பிவிடும் பெற்றோர் உண்டு. இந்த இடத்தில்தான் ஆசிரியரின் ஒரு தொலைபேசி அழைப்புக்கு மதிப்பு இருக்கிறது. வலி நின்றது சிகிச்சை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மொத்தச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் மிச்சமிருக்கும் வரை மருந்தை நிறுத்த முடியாது.

முழுமையாகச் சிகிச்சை பெற்றால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் டாக்டர் வி. சாந்தா தம் வாழ்நாள் முழுவதும் பணியாற்றினார். 2021 ஜனவரியில் அவர் காலமானார். 1970-களில் இந்நோய் கண்ட குழந்தைகளில் நான்கு ஆண்டுகள் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் சிறப்பு மையங்களில்கூட 20 விழுக்காட்டுக்கும் குறைவு. 1984 முதல் சென்னை அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்று மையங்களும் ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றத் தொடங்கின. அந்த விழுக்காடு 45 முதல் 60 வரை உயர்ந்தது. இன்று நிலைமை அதைவிடவும் மேம்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் யாரோ ஒருவர், "இந்த நோய் வந்து யாரு பொழச்சா" என்று சொல்லும்போது பெற்றோரிடம் எடுத்துச் சொல்ல நமக்கு இந்த எண்கள் தேவைப்படும்.

இனி வலிக்கு வருவோம். சிகிச்சை தொடங்கி மஜ்ஜையில் நோயணுக்கள் அழியத் தொடங்கியதும் பழைய எலும்பு வலி பலருக்குச் சில நாள்களிலேயே குறையத் தொடங்கும். அது குறையும் வேளையில் வேறு வலிகள் வருகின்றன. இதை முன்கூட்டியே அறியாத பெற்றோர் நோய் கூடிவிட்டது என்று பதறுகிறார்கள்.

வின்கிரிஸ்டின் என்ற ஊசி மருந்து முதல் கட்டத்தில் வாரம் ஒரு முறை போடப்படுகிறது. இது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. நம் ஊர்க் கோயில் வேலி ஓரத்திலும் சுடுகாட்டுத் திடலிலும் தானாகப் பூத்துக் கிடக்கும் அதே செடிதான். தாவரவியல் பாடம் நடத்தும்போது சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் அந்தச் செடியை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். (இலையை அரைத்துக் குடிக்கலாமா என்ற கேள்வியும் வரும். கூடாது, நஞ்சு என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.) இந்த மருந்து நரம்புகளைத் தாக்கும். ஊசி போட்ட சில நாள்களில் தாடை வலிக்கும், மெல்ல முடியாது. கணுக்காலும் பாதமும் குத்தும், மதமதக்கும். சிலருக்குப் பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் நடையில் கால் இழுபடும். மலச்சிக்கலால் வயிறு வலிக்கும். விரல் நுனிகள் மரத்துப்போவதால் சட்டைப் பொத்தான் போடுவதும் பேனா பிடிப்பதும் கடினமாகும்.

பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் தொடை, இடுப்புத் தசைகளைத் தளர்த்துகின்றன. தரையில் உட்கார்ந்த பிள்ளை கையை ஊன்றாமல் எழ முடியாது. முகம் உப்பும், பசி அடங்காது, எரிச்சலும் அழுகையும் மாறி மாறி வரும். "நல்ல பிள்ளையா இருந்தான், இப்ப எடுத்தெறிஞ்சு பேசுறான்" என்று அம்மாக்கள் சொல்வது இதைத்தான். மருந்து குறைக்கப்படும் நாள்களில் உடம்பெங்கும் வலி வருவதும் உண்டு. இவை தவிர, இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுத்த இடத்தில் வலி, முதுகுத் தண்டில் ஊசி போட்ட பின் எழுந்து உட்கார்ந்தால் தலைவலி.

வலியை அளப்பது நமக்கும் பழக்கமான வேலைதான், மதிப்பீடு என்று வைத்துக்கொள்ளலாம். சிரிப்பிலிருந்து அழுகை வரை வரிசையாக ஆறு முகங்கள் வரைந்த அட்டையைக் குழந்தை மருத்துவத்தில் பயன்படுத்துகிறார்கள். சிறு பிள்ளை தன் வலிக்குரிய முகத்தைத் தொட்டுக் காட்டும். பெரிய பிள்ளை பூச்சியம் முதல் பத்து வரை எண் சொல்லும். எங்கள் மாணவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், எந்த இடம், எத்தனை எண், என்ன செய்தபோது குறைந்தது என்று கோடு போட்டு எழுதினார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் மருத்துவர் வலிமருந்தின் நேரத்தை மாற்றினார் என்று அவர் அப்பா சொன்னார். "வலிக்குதா" என்று கேட்டால் பிள்ளைகள் இல்லை என்றே சொல்வார்கள். இன்னொரு ஊசி போடுவார்களோ என்ற பயம் ஒன்று, அம்மா அழுவாளே என்ற எண்ணம் இன்னொன்று. எண்ணைக் கேட்டால் உண்மை வருகிறது.

மருந்தைப் பொறுத்தவரை சில தடைகளை நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் தட்டணுக்களின் வேலையைக் கெடுத்து இரத்தக் கசிவை உண்டாக்கும் என்பதால் மருத்துவர் சொல்லாமல் தரக்கூடாது. தசையில் ஊசி போடுவதும் அப்படியே. பாராசிட்டமால் பாதுகாப்பானதுதானே என்று தலைமையாசிரியர் அறை முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடவும் கூடாது. அது காய்ச்சலை மறைக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் அவசர நிலை. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது சில மணி நேரத்தில் கிருமி இரத்தத்தில் பரவிவிடும். முதலில் வெப்பநிலை பார்த்து, காய்ச்சல் இருந்தால் பெற்றோருக்கும் மருத்துவமனைக்கும் உடனே சொல்ல வேண்டும்.

வலி கடுமையாக இருந்தால் மருத்துவர்கள் மார்ஃபின் தருவார்கள். இந்தப் பெயரைக் கேட்டதும் பெற்றோர் நடுங்குகிறார்கள், கடைசிக் கட்டத்துக்குத்தான் இதைக் கொடுப்பார்கள், பிள்ளை அடிமையாகிவிடும் என்று. நன்கு படித்த உறவினர்களே இந்தப் பயத்தை ஊட்டுவதுதான் வேதனை. குழந்தைகளின் மிதமான, கடுமையான வலிக்கு மார்ஃபினை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. மருத்துவரின் கண்காணிப்பில் வலிக்காகக் கொடுத்து, வலி குறையும்போது படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் பிள்ளைகள் போதைக்கு அடிமையாவது மிக அரிது. வலி வந்த பிறகு ஓடுவதைவிட, சொன்ன மணிக்கு மருந்து கொடுத்துவிட்டால் குறைந்த அளவே போதுமானதாக இருக்கும். நம் நாட்டில் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகளே இதை வாங்கி வைக்கத் தயங்கிய காலம் இருந்தது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது.

மருந்தில்லா வழிகளில் வீட்டில் செய்யக்கூடியவை நிறைய. முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது, வெதுவெதுப்பான நீரில் குளிப்பது, படுத்த நிலையில் கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது எல்லாம் உதவும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டுமானால் அம்மா தன் கையில் சூடு பார்த்தே கொடுக்க வேண்டும், மரத்த காலுக்குச் சூடு உறைக்காது. முழுநேரமும் படுக்க வைப்பதும் நல்லதன்று, தசை மேலும் தளரும். மருத்துவமனையில் இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை வீட்டில் தொடர வேண்டும்.

ஊசி போடும் நேரத்தில் மூச்சை நீளமாக ஊதச் சொல்வதும் கவனத்தை வேறு பக்கம் திருப்புவதும் உண்மையிலேயே வலியைக் குறைக்கின்றன. ஓலைக் காற்றாடியை ஊதச் சொல்லலாம். சோப்புக் குமிழி விடலாம். கதை நமக்குக் கைவந்த கலை. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் தினம் ஒருவராகக் கைப்பேசியில் ஒரு விடுகதையைப் பேசி அனுப்பினார்கள். விடையை மறுநாள்தான் சொல்வார்கள். விடை தெரியாத விடுகதையோடு ஊசி அறைக்குள் போவது அவருக்குப் பிடித்திருந்தது. இதற்கு முன் அவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டோம், இது தொற்றுநோய் அன்று, பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது. முடி கொட்டும், முகம் உப்பும் என்பதையும் முன்பே சொன்னதால் திரும்பி வந்த நாளில் யாரும் வெறித்துப் பார்க்கவில்லை.

பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் நேரம் மருத்துவர் முடிவு செய்வது. பெரும்பாலும் தீவிரச் சிகிச்சை முடிந்து மாத்திரைக் கட்டம் வந்த பிறகு. அதுவரை பெயரை நீக்காமல் வைத்திருப்பதும், படிப்புச் சான்று கேட்டால் அலைக்கழிக்காமல் தருவதும் பள்ளியின் கையில் இருக்கிறது. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் அருகில் இருந்தால், தொற்று இல்லாத நாளாகப் பார்த்து, பெற்றோர் சம்மதத்தோடு அரை மணி நேரம் போகச் சொல்லலாம். இருபது நிமிடம் படித்தாலே களைத்துவிடுவார், அதற்கு மேல் வேண்டாம்.

வகுப்பில் முதல் மாற்றம் இருக்கை. தரையில் உட்காரும் வகுப்பானால் நாற்காலி போட வேண்டும். மாடி வகுப்பைக் கீழே இறக்க முடியுமா என்று பார்க்க வேண்டும், பள்ளிக் கால அட்டவணையைக் கொஞ்சம் மாற்றினாலே முடியும். குந்தி எழ முடியாத பிள்ளைக்குக் கழிவறையில் கைப்பிடி வேண்டும். அது இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர்தான் சொல்வார்கள், பிள்ளை சொல்லாது. புத்தகத்தில் ஒரு படி வகுப்பில், ஒரு படி வீட்டில் இருந்தால் பையைச் சுமக்க வேண்டாம். ஸ்டீராய்டால் எலும்பு மெலிந்திருக்கும் என்பதால் குதிப்பது, மோதி விளையாடுவது தவிர்க்கப்பட வேண்டும். உடற்கல்வி ஆசிரியரிடம் இதைத் தனியே சொல்லுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாதங்கள் கழித்து இடுப்பிலோ முழங்காலிலோ புதிதாக வலி வந்தால், ஸ்டீராய்டால் எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைந்த அறிகுறியாக இருக்கலாம். பழைய வலிதானே என்று விடாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வகுப்பில் யாருக்காவது அம்மையோ தட்டம்மையோ கண்டால் அன்றே அந்தப் பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும்.

வாரந்தோறும் பள்ளியில் நாம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி ஒரு செய்தி. அதில் போலிக் அமிலமும் இருக்கிறது. இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகள் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட், போலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்துத்தான் நோயணுக்களைக் கொல்கிறது. இந்த வகை மருந்தின் பின்னால் நம்மவர் ஒருவர் இருக்கிறார். ஆந்திரத்தில் பிறந்து, மெட்ரிகுலேஷனை மூன்றாம் முயற்சியில் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் தேறி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ். அவர் தலைமையிலான குழு உருவாக்கிய அமினோப்டெரினை 1947-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 பேரில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதற்கு முன் எந்த மருந்துக்கும் இந்நோய் இப்படிப் பணிந்ததில்லை. ஆகவே சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு இந்த வார மாத்திரையையும், பூச்சி மாத்திரையையும், பள்ளியில் போடும் தடுப்பூசியையும் மருத்துவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கொடுக்கக்கூடாது. பொறுப்பாசிரியர் விடுப்பில் இருக்கும் நாளில் வேறொருவர் கொடுத்துவிடாமல் இருக்க, மாத்திரைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் குறித்து வைப்பது நல்லது.

தேர்வைப் பொறுத்தவரை, விரல் மரத்த பிள்ளையின் கையெழுத்துக்கு மதிப்பெண் குறைக்காமல் வாய்மொழியாகக் கேட்டு மதிப்பிடலாம். பத்தாம் வகுப்பு, மேல்நிலைப் பொதுத்தேர்வு எழுதுபவராக இருந்தால், சொல்வதை எழுதுபவர் உதவி, கூடுதல் நேரம் ஆகியவற்றுக்கு மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சிகிச்சை நடக்கும் ஊரிலிருந்து சான்று வாங்கி வர ஒரு பயணம் ஆகும். அடுத்த பரிசோதனைத் தேதி எது என்று பெற்றோரிடம் கேட்டு, அந்தப் பயணத்திலேயே வாங்கி வரச் சொல்லிவிடுங்கள்.